ரிப்பேர் முடிந்து வந்த காரில் கூலன்ட் குறைகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ், ஹெட் கேஸ்கெட் என ஏதோ ஒரு வேலை பார்த்து வண்டி பட்டறையிலிருந்து வந்திருக்கிறது. வந்த சில நாட்களிலேயே, பானட்டுக்குள் இருக்கும் பாட்டிலில் கூலன்ட் (இன்ஜின் சூட்டை ஆற்றச் சுற்றிவரும் திரவம்) இறங்குகிறது, அல்லது கார் நின்ற இடத்தில் ஈரம். இந்த நிலையில் இருப்பவர்கள் வழக்கமாகக் கேட்பதை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். நம் ஊரில் ஓடும் சாதாரண பெட்ரோல், டீசல் கார்களை மனதில் வைத்து எழுதியது. பல எலெக்ட்ரிக் கார்களில் பேட்டரிக்கும் கூலன்ட் ஓட்டம் உண்டு. அதில் நாமாகக் கை வைக்காமல் இருப்பதே நல்லது.

வண்டி எடுத்து வந்த மறுநாளே பாட்டிலில் லெவல் இறங்கியிருக்கிறது. லீக்தானா?

உடனே அப்படி முடிவு கட்ட வேண்டாம். பழைய கூலன்ட்டை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றும்போது இன்ஜின் பிளாக்கிலும் ஹீட்டர் குழாயிலும் காற்று மாட்டிக்கொள்ளும். பட்டறையில் எவ்வளவுதான் ஏர் எடுத்தாலும் கொஞ்சம் தங்கிவிடும். வண்டி சில தடவை நன்றாகச் சூடாகி ஆறும்போது அது வெளியேறி, அந்த இடத்தைக் கூலன்ட் பிடித்துக்கொள்ளும். பாட்டிலில் லெவல் குறைவது அதனால்தான்.

பாட்டிலின் மேல் ஒரு மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள். தினமும் காலையில், இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு, சமதளத்தில் நிறுத்திப் பாருங்கள். சூடான வண்டியில் லெவல் ஏறித்தான் தெரியும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. முதலில் கொஞ்சம் அதிகமாக இறங்கி, அடுத்து குறைவாக இறங்கி, பிறகு கோட்டிலேயே நின்றுவிட்டால் அது காற்று. ஒவ்வொரு தடவையும் அதே அளவு இறங்கிக்கொண்டே இருந்தால் லீக்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. சில பட்டறைகளில் தாராள மனதோடு பாட்டிலைக் கழுத்து வரை நிரப்பிக் கொடுத்துவிடுவார்கள். சூடானதும் கூலன்ட் விரியும், மிச்சம் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகக் கீழே கொட்டும், வீட்டு வாசலில் குளம் கட்டும். மேக்ஸ் கோட்டுக்கு வந்ததும் தானாக நின்றுவிடும்.

கீழே இருக்கும் ஈரம் ஏசி தண்ணீரா, கூலன்ட்டா?

சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் ஏசி போட்டு ஓட்டிவிட்டு நிறுத்தினால் கீழே நன்றாகவே தண்ணீர் சொட்டும். அது நிறமில்லாமல், வாசனை இல்லாமல், காய்ந்தால் தடம் இல்லாமல் போகும். கூலன்ட்டை விரல் நடுவே தேய்த்தால் வழவழப்பு தெரியும், லேசான தித்திப்பு வாசனை வரும். காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ, கூலன்ட்டின் நிறத்திலோ பொருக்கு தட்டியிருக்கும். தொட்ட கையைக் கழுவிவிடுங்கள்.

சந்தேகம் தீரவில்லையென்றால் ஒரு பெரிய அட்டையை ராத்திரி முன்பக்கம் விரித்து வையுங்கள். முன் சக்கரங்கள் எங்கே இருக்கின்றன என்று அட்டையில் பேனாவால் குறித்துக்கொண்டால், சொட்டு விழுந்த இடம் ரேடியேட்டருக்கு நேரா, பம்புக்கு நேரா, இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள ஃபயர்வாலுக்கு நேரா என்று காலையில் தெரிந்துவிடும்.

ரிப்பேருக்குப் பிறகு மட்டும் வரும் குழப்பம் ஒன்று. கூலன்ட்டை வடிக்கும்போது சிந்தியது இன்ஜினுக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் கவரில் தேங்கி, ஓரிரு நாள் சொட்டிக்கொண்டே இருக்கும். இன்ஜின் ஆறிய பிறகு அந்தக் கவரைக் கழற்றித் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்தால்தான் புது ஈரம் எது, பழசு எது என்று பிரித்துப் பார்க்க முடியும்.

லீக் உறுதி. இது மெக்கானிக் செய்த தப்பா, வண்டி பழசானதாலா?

இரண்டுமே நடக்கும். பழைய காரில் ரேடியேட்டர் மூடியின் ரப்பர் இத்துப்போய், வருடக்கணக்கில் அழுத்தமே சரியாக ஏறாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கும். புது ரேடியேட்டரும் புது மூடியும் போட்டதும் சிஸ்டம் 0.9 பாரோ 1.1 பாரோ, மூடியில் எழுதியிருக்கிற முழு அழுத்தத்தைப் பிடிக்கும். அதுவரை எப்படியோ சமாளித்த பழைய ஹோஸ் அப்போது விட்டுவிடும். இதில் மெக்கானிக்கைக் குறை சொல்ல முடியாது. “ஹோஸும் பழசா இருக்கு, சேர்த்து மாத்திடலாமா” என்று அவர் முன்கூட்டியே கேட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

ஆனால் தேட ஆரம்பிக்க வேண்டிய இடம் எப்போதும் கை பட்ட இடம். பில்லில் எழுதிய பார்ட் மட்டுமல்ல, வழிவிடுவதற்காகக் கழற்றியதும் அதில் சேரும். கிளட்ச் வேலைக்குப் போன வண்டியில் கூலன்ட் ஒழுகினால் சம்பந்தமே இல்லாத மாதிரி தோன்றும். கியர்பாக்ஸை இறக்கும்போது இடைஞ்சலாக இருந்த ஹோஸைக் கழற்றியிருப்பார்கள், அல்லது பழைய ஹீட்டர் குழாய் ஒன்று அசங்கியிருக்கும். அதனால் “என்னென்ன மாத்தினீங்க” என்று கேட்பதோடு “எதையெல்லாம் கழற்றி மாட்டினீங்க” என்றும் கேளுங்கள்.

இந்தப் பக்கம் முழுக்க நான் அழுத்திச் சொல்ல நினைப்பது ஒன்றுதான்: கூலன்ட் வெளிவரும் இடத்தைக் கண்ணால் பார்க்காமல், அல்லது ஒரு டெஸ்ட்டில் காட்டாமல், அடுத்த பார்ட்டை மாற்ற ஒத்துக்கொள்ளாதீர்கள். “பம்ப்பா இருக்கும் சார்”, அது சரியாகவில்லையென்றால் “அப்போ ரேடியேட்டராதான் இருக்கும்” என்று போய், கடைசியில் ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் ஒரு கிளாம்ப் லூஸாக இருந்ததில் முடிந்த வண்டிகள் ஏராளம்.

எந்த வேலைக்குப் பிறகு எங்கே பார்க்க வேண்டும்?

ஹோஸ் கழற்றிய எந்த வேலையானாலும் முதலில் கிளாம்ப். கம்பெனி போடும் ஸ்பிரிங் கிளாம்ப் சூட்டுக்கும் ஆறுதலுக்கும் தகுந்தபடி தானே இறுகித் தளரும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஸ்க்ரூ கிளாம்ப் போடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. ஸ்க்ரூ கிளாம்ப் தப்பில்லை, ஆனால் அதை ஓவராக முறுக்கினால் தகட்டில் உள்ள வெட்டுகள் வழியாக ரப்பர் பிதுங்கி நிற்கும். அப்படித் தெரிந்தால் ஹோஸ் அறுபட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். உள்ளே இருப்பது பிளாஸ்டிக் முனையாக இருந்தால் அதிலும் விரிசல் விட்டிருக்கலாம். கிளாம்ப் உட்கார்ந்த இடத்தையும் பாருங்கள். குழாய் முனையில் ஒரு மேடு இருக்கும், கிளாம்ப் அதைத் தாண்டி உள்பக்கம் இருக்க வேண்டும். மேட்டின் மேலேயே பாதி ஏறி நின்றால் வண்டி ஆறியிருக்கும்போது ஒன்றும் தெரியாது, சூடேறி அழுத்தம் கூடியதும் நூல் மாதிரி கசியும்.

கூலன்ட் மட்டும் மாற்றிய வண்டியில் ரேடியேட்டரின் அடியில் உள்ள டிரெயின் பிளக்கையும் மேலே உள்ள ஏர் ஸ்க்ரூவையும் பாருங்கள். பல கார்களில் இரண்டுமே பிளாஸ்டிக், ரப்பர் வாஷர் அல்லது ஓ-ரிங்கோடு வரும். அந்த ரப்பர் காய்ந்து போயிருந்தால் திரும்ப மாட்டினாலும் சீல் ஆகாது. அதற்காக இன்னும் முறுக்கினால் மரை போய்விடும்.

தெர்மோஸ்டாட் மாற்றியிருந்தால் ஹவுசிங்கைச் சுற்றி டார்ச் அடியுங்கள். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதியதை வைத்திருப்பார்கள், அல்லது ஓ-ரிங் பள்ளத்திலிருந்து நழுவி நசுங்கியிருக்கும். “இருக்கட்டும்” என்று சிலிக்கான் பேஸ்ட்டை அள்ளி அப்பியிருப்பதும் சகஜம். வெளியே பிதுங்கித் தெரியும் அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அது பிய்ந்து போய் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். தெர்மோஸ்டாட்டில் காற்று போக ஒரு சின்ன ஊசி வால்வு இருந்தால் அது பொதுவாக மேல்பக்கம் வர வேண்டும். தலைகீழாகப் போட்டால் லீக் வராது, ஏர் லாக் வரும், அதாவது காற்று மாட்டிக்கொண்டு கூலன்ட் ஓட்டத்தைத் தடுக்கும்.

வாட்டர் பம்புக்கு அடிப்பக்கம் ஒரு சின்னத் துளை வைத்திருப்பார்கள். உள்ளே உள்ள சீல் போனால் கூலன்ட் பேரிங்குக்குள் போகாமல் இந்த வழியாக வெளியே வருவதற்காக. புது பம்பில் சீல் பழகும் வரை துளை ஓரம் லேசான ஈரத் தடம் தெரியலாம். சொட்டாக விழுந்தால் பம்ப் ரிட்டர்ன். சில இன்ஜின்களில் டைமிங் பெல்ட்தான் பம்பையும் சுற்றும். அங்கே லீக் ஆனால் டைமிங் கவரின் அடியில்தான் ஈரம் தெரியும், பெல்ட்டும் நனையும். அது தெரிந்தால் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல் டோ செய்வது நல்லது. பெல்ட் போனால் பல இன்ஜின்களில் வால்வும் சேர்ந்து போகும்.

புது ரேடியேட்டரிலும் லீக் வரும். இப்போது வருபவை அலுமினிய கோர், மேலும் கீழும் அல்லது இரு பக்கமும் பிளாஸ்டிக் டேங்க். இரண்டும் சேரும் இடத்தில் ரப்பர் வைத்து, அலுமினிய விளிம்பை மடித்துப் பிடித்திருப்பார்கள். மலிவான பார்ட்டாக இருந்தாலோ, மாட்டும்போது எங்காவது இடித்திருந்தாலோ அந்த மடிப்பில்தான் கசியும்.

பிரஷர் டெஸ்ட் என்றால் என்ன? கேட்டு வாங்கலாமா?

கட்டாயம் கேளுங்கள். மூடி இருக்கும் இடத்தில் ஒரு கைப் பம்பை மாட்டி, இன்ஜின் ஆறியிருக்கும்போதே மூடியில் போட்டிருக்கும் அழுத்தம் வரை காற்று அடிப்பார்கள். பத்துப் பதினைந்து நிமிடம் மீட்டர் முள் அப்படியே நிற்க வேண்டும். இறங்கினால் எங்கோ போகிறது. இன்ஜின் ஓடாததால் ஃபேன் காற்றில் சிதறாமல், ஆவியாகாமல், கசிகிற இடத்திலேயே சொட்டு நிற்கும். கையும் சுடாது. மூடியையும் தனியாக அதே பம்பில் மாட்டிப் பார்க்கலாம்.

சொட்டு கண்ணுக்குப் படவில்லையென்றால் கூலன்ட்டில் யூவி டை கலந்து இரண்டு நாள் ஓட்டிவிட்டு, யூவி லைட் அடித்துப் பார்ப்பார்கள். இடம் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

பாட்டிலில் கூலன்ட் நிறைய இருக்கிறது. ஆனால் ரேடியேட்டரைத் திறந்தால் காலி. எப்படி?

இரண்டு வகை பாட்டில் உண்டு. ஒன்று, அழுத்தம் ஏறும் பாட்டில், அதன் மூடியே பிரஷர் மூடி. இன்னொன்று, ரேடியேட்டரில் தனி மூடியும் பக்கத்தில் அழுத்தமில்லாத பாட்டிலும் இருக்கும் ஏற்பாடு. உங்களுடையது இரண்டாவது வகை. இதில் சூடாகும்போது மிச்சக் கூலன்ட் மூடி வழியாகப் பாட்டிலுக்குப் போகும், ஆறும்போது ரேடியேட்டர் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மூடியின் நடுவே உள்ள குட்டி வால்வு ஒட்டிக்கொண்டாலோ, பாட்டிலுக்குப் போகும் மெல்லிய குழாயில் வெடிப்பு இருந்தாலோ, உறிஞ்சும்போது கூலன்ட்டுக்குப் பதில் காற்று போகும், அல்லது எதுவுமே போகாது. ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக்கிடந்தால் வால்வைச் சந்தேகப்படலாம். மூடியும் குழாயும் பெரிய செலவே இல்லை.

ரிப்பேருக்குப் பிறகு இந்தக் குழாயை மாட்ட மறந்துவிடுவதும் நடக்கிறது. முதலில் அதைப் பாருங்கள்.

வெளியே ஒரு சொட்டுகூட இல்லை. ஆனாலும் கூலன்ட் குறைகிறது. ஹெட் கேஸ்கெட்டா?

ஹெட் கேஸ்கெட் என்பது இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் சீல். அந்தப் பேச்சு வந்தாலே செலவு எங்கேயோ போய்விடும், அதனால் மற்றதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் அங்கே போக வேண்டும். சூடான பாகத்தின் மேல் கசிந்தால் கீழே விழுவதற்குள் ஆவியாகிவிடும், பொருக்கு மட்டும் இருக்கும். ஹீட்டர் கோர் (காருக்குள் சூடு தரும் குட்டி ரேடியேட்டர்) கசிந்தால் உள்ளே முன்பக்கக் காலடி மேட் ஈரமாகும், கண்ணாடியில் உள்பக்கம் எண்ணெய்ப் படலம் மாதிரி மூட்டம் போடும், காருக்குள் தித்திப்பு வாசனை வரும். நம் ஊரில் யாரும் ஹீட்டர் போடுவதில்லை என்பதால் அது ஒன்று இருப்பதே பலருக்கு நினைவில் இருக்காது. ஆனால் பெரும்பாலான கார்களில் ஹீட்டர் போடாவிட்டாலும் கூலன்ட் அதற்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். டீசல் வண்டியானால், இன்ஜினுக்கே திரும்பிப் போகும் புகையை ஆற்றும் ஈஜிஆர் கூலரும் உள்ளுக்குள்ளேயே கசிந்து கூலன்ட்டைக் குடித்துவிடும்.

ஹெட் கேஸ்கெட்டுக்கு அடையாளங்கள் வேறு. ராத்திரி முழுக்க ஆறிய வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினால் சிலிண்டர் அழுத்தம் கூலன்ட்டுக்குள் போகிறது. பாட்டிலில் குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். ஏர் லாக் குமிழி கொஞ்ச நேரத்தில் நிற்கும், இது நிற்காது. இன்ஜின் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை, ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த காபி நிறத்தில் கூழ், இவையும் சந்தேகத்தைக் கூட்டும். குளிர்காலத்தில் சின்னச் சின்னத் தூரமே ஓடும் வண்டியிலும் ஆயில் மூடியில் அந்தக் கூழ் கொஞ்சம் சேரும், அதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

உறுதி செய்ய பிளாக் டெஸ்ட் கிட் இருக்கிறது. ரேடியேட்டர் வாயில் வைத்து அங்கிருக்கும் காற்றை ஒரு நீலத் திரவம் வழியாக இழுப்பார்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும். ஹெட் வேலை இப்போதுதான் முடிந்த வண்டியில் இது காட்டினால் கேட்க வேண்டியவை: ஹெட்டை ஃபேசிங் கொடுத்தார்களா (மட்டமாகச் சீவினார்களா), சமதளமாக இருக்கிறதா என்று வைத்துப் பார்த்தார்களா, ஒரு தடவைதான் பயன்படுத்த வேண்டிய போல்ட்டைப் புதிதாகப் போட்டார்களா, டார்க் ரெஞ்சில் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வரிசைப்படி முறுக்கினார்களா.

ஊருக்குள் ஓட்டினால் ஒன்றுமில்லை. மலை ஏறினால் மட்டும் குறைகிறது. ஏன்?

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. இரண்டாவது கியரில் வண்டி திணறி ஏறும்போது இன்ஜின் சூடு அதிகம், எதிர்க்காற்று குறைவு. சிஸ்டத்தில் அழுத்தம் உச்சத்துக்குப் போகும், சிட்டி ஓட்டத்தில் தெரியாத ஒரு லூஸ் கிளாம்ப்போ விரிசலோ அங்கேதான் வாயைத் திறக்கும். மேலே போய் இன்ஜினை ஆஃப் செய்த பிறகும் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருங்கள். பம்ப் நின்றுவிட்டாலும் இன்ஜினின் சூடு கூலன்ட்டில் இறங்கிக்கொண்டே இருக்கும், அதனால் நிறுத்திய பிறகே அழுத்தம் இன்னும் கொஞ்சம் ஏறும். பல லீக்குகள் காட்டிக்கொடுப்பது அந்த நேரத்தில்தான்.

லீக் சரியாகும் வரை வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டலாமா?

பட்டறை போய்ச் சேரும் வரைக்கும் என்றால் சரி. அதையே வழக்கமாக்கினால் இல்லை. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் சாதாரண அழுத்தத்தில் சுமார் 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், தண்ணீர் 100-லேயே கொதித்துவிடும். மூடியின் அழுத்தம் இரண்டையும் மேலே தூக்கும் என்றாலும் அந்த இடைவெளி இருக்கத்தான் செய்யும். அதைவிடப் பெரிய விஷயம் துரு. கூலன்ட்டில் இருக்கும் துரு தடுக்கும் சக்தி வெறும் தண்ணீரில் இல்லை. “நம் ஊரில் பனியே இல்லை, கூலன்ட் எதற்கு” என்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். போர்வெல் தண்ணீர் ஊற்றினால் உப்பு படிந்து ரேடியேட்டர் அடைக்கும். வேறு வழியில்லையென்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் நல்லது.

மஞ்சள் தூள் போட்டால் நிற்கும் என்கிறார்களே?

லாரி, டாக்ஸி டிரைவர்களிடம் காலங்காலமாக இருக்கும் கைவைத்தியம். தூள் ஊறி ஊசித் துளையில் போய் அடைத்துக்கொள்ளும், நடுவழியில் நின்ற வண்டி ஊர் வந்து சேர்ந்துவிடும். கடையில் விற்கும் லீக்-ஸ்டாப் பாட்டிலும் செய்வது ஏறக்குறைய அதேதான். பிரச்சினை என்னவென்றால் துளை எது, ரேடியேட்டர் குழாய் எது, ஹீட்டர் கோர் எது என்று இரண்டுக்குமே தெரியாது. போட்டிருந்தால் பட்டறையில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், ஃபிளஷ் செய்ய (உள்ளே முழுக்கக் கழுவி எடுக்க) வேண்டும். முந்தின வாரம்தான் வேலை பார்த்த வண்டியில் இதைப் போட்டுவிட்டு வாரண்டி கேட்டால் அந்தப் பேச்சு நல்லபடியாகப் போகாது.

ஓடும்போது சூடேறிவிட்டால்?

ஏசியை ஆஃப் செய்து ஓரம் கட்டுங்கள். நிறுத்த இடம் கிடைக்கும் வரை ஹீட்டரை முழுச் சூட்டில், ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள், வியர்த்துக் கொட்டினாலும் பரவாயில்லை. நிறுத்தியதும் இன்ஜினை ஆஃப் செய்துவிடுங்கள். மூடியைத் தொடாதீர்கள். துணியைச் சுற்றிக்கொண்டு திறந்தாலும் முகத்தில் அடிக்கும். குறைந்தது அரை மணி நேரம் விட்டு, மேல் ஹோஸை அமுக்கினால் தளர்வாக இருக்கும்போதுதான் திறக்கலாம். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஹெட் வளையலாம், விரிசலும் விடலாம்.

டெம்பரேச்சர் முள்ளை ரொம்ப நம்பாதீர்கள். கூலன்ட் முழுக்கப் போய் சென்சார் காற்றில் நின்றால் முள் ஏறாமலேயே இருக்கும். பல கார்களில் முள்ளே கிடையாது, நீல விளக்கும் சிவப்பு விளக்கும் மட்டும்தான். சிவப்பு எரியும்போது ஏற்கெனவே தாமதம்.

பச்சை இருந்தது, பட்டறையில் சிவப்பு ஊற்றிவிட்டார்கள். அதனால் லீக் ஆகுமா?

நிறம் என்பது கம்பெனி சேர்க்கும் சாயம், அதை வைத்து வகையைச் சொல்ல முடியாது. இரண்டு வெவ்வேறு வகை கலந்தால் துரு தடுக்கும் சக்தி குறையும், சில கலவைகளில் கூழ் மாதிரி திரளும். உடனே லீக் வராது. மேனுவலில் போட்டிருக்கும் வகையைப் பார்த்து, சந்தேகமிருந்தால் முழுக்க ஃபிளஷ் செய்து ஒரே வகையை ஊற்றுங்கள்.

பட்டறையில் எப்படிப் பேசுவது? இலவசமாகச் செய்து தருவார்களா?

சண்டைக்குப் போகிற மாதிரி போகாதீர்கள். கோடு போட்ட பாட்டிலின் போட்டோ, கீழே விழுந்த ஈரத்தின் போட்டோ, பில், இவற்றைக் காட்டி, “அண்ணே, பிரஷர் போட்டு என் முன்னாடி ஒரு தடவை பாருங்க” என்று கேளுங்கள். கை பட்ட இடத்தில் லீக் என்றால் நல்ல மெக்கானிக் காசு கேட்கமாட்டார். வேறு பழைய பார்ட் என்றால் பார்ட் விலை உங்களுடையது, சிந்திய கூலன்ட்டுக்கும் கூலிக்கும் கொஞ்சம் பேசிப் பார்க்கலாம். கழற்றிய பழைய பார்ட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பில்லே இல்லாமல் வேலை பார்த்திருந்தால் கையில் பிடி எதுவும் இருக்காது. பில் இருந்தும் மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாட்டுக்கும் புகார் கொடுக்க இடமுண்டு.

கீழே கொட்டிய கூலன்ட்டை அப்படியே விடலாமா?

கூடாது. பெரும்பாலான கூலன்ட்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், பூனையும் நக்கிவிடலாம், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் போய்விடும். மணலோ மரத்தூளோ போட்டு ஊறவைத்து அள்ளி, தரையைச் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். வடித்த கூலன்ட்டைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் கண்டிப்பாக. மூடி போட்ட கேனில் ஊற்றி, பெயர் எழுதி, பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.